மேற்றிசை வண்டிப்பயண நாட்குறிப்புகள்: எளிய நடையும் மொழிபெயர்ப்புச் சிக்கல்களும்

முன்னுரை

1840 முதல் 1860 வரையிலான இருபது ஆண்டுகளில் அமெரிக்காவின் மிசௌரி ஆற்றங்கரையிலிருந்து ஒரிகன், கலிபோர்னியா, யூட்டா ஆகிய பகுதிகளை நோக்கி ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் வண்டிகளில் குடிபெயர்ந்தனர். ஒரிகன் செல்லும் தடத்தின் நீளம் ஏறத்தாழ 3,200 கி.மீ. பயணம் நான்கு முதல் ஆறு திங்கள் வரை நீடித்தது. வண்டியில் மாவும் பன்றியிறைச்சியும் கருவிகளும் ஏற்றப்பட்டமையால் மக்களில் பெரும்பாலோர் நடந்தே சென்றனர். அவர்களுள் பலர் எழுதிய நாட்குறிப்புகள் இன்று கிடைக்கின்றன. அவற்றின் நடை குறித்தும், அதனைத் தமிழில் பெயர்க்குங்கால் எழும் சிக்கல்கள் குறித்தும் இக்கட்டுரை ஆராய்கிறது.

1. சொல்லாமையின் இலக்கணம்

இக்குறிப்புகளில் நாள்தோறும் இடம்பெறுவன கடந்த தொலைவு, புல், நீர், விறகு, வானிலை ஆகியவையே. இதனால் இவற்றை இலக்கியமாகக் கொள்ளாது வரலாற்றுச் சான்றாக மட்டும் கொள்வோர் உளர். இக்கருத்து மறுஆய்வுக்குரியது. 1852இல் பயணம் செய்த சிசிலியா ஆடம்சு, பார்த்தீனியா பிளாங்க் என்னும் இரட்டைச் சகோதரியரின் நாட்குறிப்பில் அன்றன்று கண்ட புதைகுழிகளின் எண்ணிக்கை இடம்பெறுகிறது. வாந்திபேதி பரவிய ஆண்டு அது. அச்சம் என்ற சொல்லை எழுதாமலேயே அவ்வெண்கள் அச்சத்தை உணர்த்திவிடுகின்றன.

அமீலியா ஸ்டூவர்ட் நைட் 1853இல் கணவருடனும் ஏழு குழந்தைகளுடனும் அயோவாவிலிருந்து ஒரிகன் சென்றார். தாம் கருவுற்றிருந்ததை அவர் வெளிப்படையாக எழுதவில்லை. உடல்நலமின்மை பற்றிய சுருக்கமான தொடர்களே ஆங்காங்கு வருகின்றன. பயண முடிவில் எட்டாவது குழந்தை பிறந்த செய்தியை வாசித்த பின்னரே முன்வந்த தொடர்களின் பொருள் விளங்குகிறது. இங்கு மௌனமே கட்டமைப்பாக நிற்கிறது. மொழிபெயர்ப்பாளர் தெளிவு கருதி முன்னரே குறிப்புச் சேர்ப்பாராயின் அக்கட்டமைப்பு சிதையும்.

2. பதிப்பாளரின் தலையீடு

1846இல் புறப்பட்டுச் சியரா நெவாடா மலைப்பனியில் சிக்கிய டானர் குழுவினர் 87 பேர். அவருள் ஏறத்தாழப் பாதிப்பேர் மாண்டனர். அக்குழுவைச் சார்ந்த பேட்ரிக் பிரீன் பனியையும் காற்றையும் குறித்த அதே தொனியிலேயே இறந்தோரின் ஊனை உண்ண நேர்வதைப் பற்றியும் குறித்துள்ளார். அவரது நாட்குறிப்பு 1847இல் செய்தித்தாளில் மாற்றங்களுடன் வெளியிடப்பட்டது. பயணத்தின்போது பதின்மூன்று வயதினராயிருந்த வர்ஜீனியா ரீடின் கடிதமும் அதே ஆண்டில் திருத்தப்பட்ட வடிவிலேயே அச்சேறியது. எழுத்துப்பிழைகளை நீக்கியதோடு நில்லாது, நிகழ்ச்சிகளுக்கு உணர்ச்சி ஊட்டுதலும் அக்காலப் பதிப்பு வழக்கமாயிருந்தது. இதற்கு மாறாகக் கென்னத் ஹோம்ஸ் 1983 முதல் பதினொரு தொகுதிகளாகப் பதிப்பித்த பெண்டிர் குறிப்புகள் மூல எழுத்தமைதியை அவ்வாறே காத்துள்ளன. மொழிபெயர்ப்புக்கு இத்தகைய பதிப்புகளே அடிப்படையாதல் வேண்டும்.

3. தமிழாக்கச் சிக்கல்கள்

இக்குறிப்புகளின் ஆங்கிலத் தொடர்களில் எழுவாய் பெரும்பாலும் விடுபடுகிறது. நடந்தவர் எழுதியவரா, குடும்பத்தவரா, குழுவினரா என்பது வெளிப்படுவதில்லை. தமிழ் வினைமுற்றோ இடமும் எண்ணும் காட்டுவது. 'நடந்தேன்' என்றாலும் 'நடந்தோம்' என்றாலும் மூலத்தில் இல்லாத தெளிவு புகுந்துவிடுகிறது. 'பத்து மைல் பயணம். புல் இல்லை. நல்ல நீர்.' என்பது போன்ற பெயர்ப் பயனிலைத் தொடர்கள் இவ்விடத்துப் பொருந்தும். எழுத்துப்பிழைகளை ர-ற மயக்கமாகப் பெயர்ப்பது அச்சுப்பிழையாகவே கருதப்படும். நிறுத்தற்குறி குறைந்த சிறு தொடர்களால் அவ்விளைவை ஓரளவு பெறலாம்.

சொல்தேர்விலும் கவனம் தேவை. புல்வெளியில் விறகின்மையால் காட்டெருமையின் உலர்ந்த சாணத்தைப் பெண்களும் சிறுவரும் பொறுக்கி எரித்தனர். இதனை 'வறட்டி' எனல் பிழை. வறட்டி கையால் தட்டிச் செய்யப்படுவது. 'எருப் பொறுக்குதல்' என்னும் வழக்கே பொருந்தும். 'கல்லறை' என்பது கட்டப்பட்ட ஒன்றைக் குறிக்கும். வழியோரத்தில் பலகை நட்டோ, தடம் தெரியாதவாறு வண்டிகளை மேலே ஓட்டியோ விடப்பட்டவை 'புதைகுழி'களே. யானையைக் காணுதல் என்பது அப்பயணியரிடை இன்னலின் எல்லையைக் கண்டு மனமொடிதலைக் குறித்த மரபுத்தொடர். யானையைக் காண்பதை நற்குறியாகக் கொள்ளும் தமிழில் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பொருள் தலைகீழாகும்.

தமிழில் ஆயத்தமாக உள்ள சொற்களும் உண்டு. சங்க இலக்கியத்தில் உமணரின் வண்டித்தொடர் 'ஒழுகை' எனப்படுகிறது. வழியில் அச்சு முறியின் உதவுவதற்குக் கொண்டுசெல்லப்பட்டது 'சேமஅச்சு'. உப்பு வணிகரின் இச்சொற்கள் குடிபெயர்வோரின் வண்டி வரிசைக்கும் மாற்று உறுப்புக்கும் நன்கு பொருந்துவன.

மிகுந்த விளைவுடைய சொல் 'முன்னோடி' என்பதாகும். பயணியர் தம்மைக் குடிபெயர்வோர் என்றே பெரிதும் குறித்தனர். ஒரிகன் எல்லை உடன்பாடு 1846இலேயே ஏற்பட்டதாதலின், அதற்கு முன் சென்றோர்க்கு அது நாட்டைக் கடந்து செல்லுதலே. முன்னோடி என்னும் பெருமிதப் பெயர் நினைவு விழாக்களாலும் 1873இல் தோன்றிய ஒரிகன் முன்னோடிகள் சங்கம் போன்ற அமைப்புகளாலும் நிலைபெற்றது. மேலும், அந்நிலம் ஷொஷோனி, பானி, கேயூஸ் முதலிய தொல்குடியினர் வாழ்ந்த நிலமாகும். 1840-1860 காலத்தில் தொல்குடியினரால் கொல்லப்பட்ட பயணியர் 362 பேர் என்றும், பயணியரால் கொல்லப்பட்ட தொல்குடியினர் 426 பேர் என்றும் ஜான் அன்ரூ தம் 1979ஆம் ஆண்டு நூலில் கணக்கிடுகிறார். ஆறு கடக்க உதவியோரும் உணவு விற்றோரும் அத்தொல்குடியினரே. 'முன்னோடி' என எழுதும் மொழிபெயர்ப்பு இவர்களை வரலாற்றிலிருந்து நீக்கிவிடுகிறது.

முடிவுரை

1869இல் கண்டங்கடந்த இருப்புப்பாதை நிறைவுற்றபின் வண்டிப்பயணம் படிப்படியாக ஓய்ந்தது. அதன்பின் எழுந்த வீரப் புனைவுகளின் மொழி வேறு. களைத்த கையால் இரவில் எழுதப்பட்ட குறிப்புகளின் மொழி வேறு. முன்னதன் ஒலியில் பின்னதைப் பெயர்த்தல் கூடாது. மூலம் சொல்லாது விட்டதைத் தமிழும் சொல்லாது விடுதலே இவ்வகை நூல்களின் மொழிபெயர்ப்பில் முதன்மையான கடமை எனலாம்.