நஞ்சுக் கிண்ணமும் நகரத்தின் காயமும்

குருமடத்து மெய்யியல் வகுப்பில் பிளேட்டோவின் 'அப்பாலஜி'யை நாம் முதன்முதலாகப் படித்தபோது, அது எளிய கதையாகவே தோன்றியது. ஒருபுறம் உண்மை; மறுபுறம் அறியாமை மிக்க கூட்டம். சாக்ரடீசின் வாதங்களைக் கற்றோம். அவற்றைக் கேட்ட நகரம் எத்தகையது என்று வினவவில்லை. வரலாற்றைப் பிரித்துவிட்டுப் படித்தால் இந்நூலின் பாதிதான் விளங்கும்.

வழக்கு நடந்தது கி.மு. 399இல். அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன், கி.மு. 404இல், ஏதென்ஸ் ஸ்பார்ட்டாவிடம் தோற்றது. வென்றவர் துணையோடு 'முப்பதின்மர்' ஆட்சியைக் கைப்பற்றினர். சில மாதங்களே நீடித்த அக்கொடுங்கோன்மையில் ஏறத்தாழ 1,500 பேர் கொல்லப்பட்டதாகப் பண்டைய நூல் கூறும். அவர்களின் தலைவர் கிரித்தியாஸ் ஒருகாலத்தில் சாக்ரடீசோடு பழகியவர். பிளேட்டோவின் தாய்வழி உறவினரும் ஆவார். கி.மு. 403இல் மக்களாட்சி மீண்டது. பழம்பகை பாராட்டுவதில்லை என்று நகரத்தார் ஆணையிட்டனர். ஆயினும் காயம் ஆறவில்லை. இளைஞரைக் கெடுத்தார் என்ற குற்றச்சாட்டைக் கேட்டபோது, நடுவர் பலர்க்குக் கிரித்தியாசின் முகம் நினைவுக்கு வந்திருக்கக்கூடும். குற்றம் சாட்டிய அனித்தோசும் மக்களாட்சியை மீட்கப் போராடியவரே.

இதை அறிந்தபின் நூலை மீண்டும் எடுத்தோம். கிரித்தியாசின் பெயர் அதில் ஓரிடத்திலும் இல்லை. ஆனால், மக்களாட்சியினரோடு நாடு கடந்து சென்று திரும்பிய நண்பர் கைரெபோனைச் சாக்ரடீஸ் குறிப்பிடுகிறார். சலாமிஸ் ஊராரான லெயோனைக் கொலைக்குப் பிடித்துவர முப்பதின்மர் ஐவரை ஏவியபோது, மற்ற நால்வரும் செல்ல, தாம் மட்டும் வீடு திரும்பியதையும் சொல்கிறார். பெயர் சொல்லாத குற்றச்சாட்டிற்குப் பெயர் சொல்லாமலே விடையளிக்கும் நுட்பம் இங்குதான் உள்ளது.

அதே பகுதி நம்மை உறுத்தவும் செய்கிறது. சாக்ரடீஸ் தீமையில் பங்குகொள்ளவில்லை. மறுத்தால் தம் உயிருக்கே கேடு என்பதையும் அறிந்திருந்தார். ஆயினும் லெயோன் கொல்லப்பட்டார். தம் உறவினரை இழந்த ஒரு நடுவர்க்கு, வீடு திரும்பியது போதுமான விடையாகப் பட்டிருக்குமா? பிளேட்டோ அக்கேள்வியை எழுப்பவில்லை. குற்றம் சாட்டியோரின் உரைகளையும் அவர் நமக்குத் தரவில்லை.

இதனால் தீர்ப்பு நியாயமாகிவிடாது. அச்சம் தீர்ப்பெழுதினால் குற்றமற்றவர் நஞ்சருந்த நேரிடும். ஆனால் அந்நடுவர்கள் மூடர்கள் அல்லர், துன்புற்றவர்கள். துன்புற்றவரும் கொடுமை இழைக்கலாம் என்பதே 'அப்பாலஜி' நமக்கு இன்று விடுக்கும் எச்சரிக்கை. சாக்ரடீசின் பக்கம் நம்மை எளிதாக நிறுத்திக்கொள்கிறோம். நடுவர் இருக்கையிலும் ஒருமுறை அமர்ந்து அந்நூலைப் படிப்போமாக.