கொல்லையில் ஒரு சிஷ்யன்

கல்லூரிகளில் இப்போது ஆசிரியர் பேரால் தோட்டம் வைக்கிறார்கள். உபகாரச் சம்பளம் பெற்ற மாணவர் பேரைப் பலகையில் எழுதுகிறார்கள். நல்ல காரியம். ஆனால் தோட்டம், குரு, சிஷ்யன் என்றால் எனக்கு நினைவு வருவது பலகை எதுவும் இல்லாத மாயூரத்து வீட்டுக் கொல்லைதான். உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திர'த்தில் வருகிறது.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு வீட்டுக்குப் பின்னால் மரம் வைக்க ஆசை. கன்று வளரும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லை. வளர்ந்த மரங்களையே பெயர்த்துக் கொண்டுவந்து நட்டார். நட்டது பிழைக்க வேண்டுமே! தினம் காலையில் போய் எங்கேயாவது துளிர் விட்டிருக்கிறதா என்று பார்ப்பார்.

1871இல் அவரிடம் வந்து சேர்ந்த பையனுக்கு வயது பதினாறு. அவனும் வேறு மண்ணிலிருந்து பெயர்த்து நட்டவன்தான். பாடம் நடந்தது, சொன்னவர் பிள்ளை அல்ல, மூத்த மாணாக்கர் சவேரிநாத பிள்ளை. குருவின் வாயால் கேட்க வேண்டுமென்று அவனுக்குத் தவிப்பு. அவர் வருவதற்கு முன்பே கொல்லைக்குப் போய், தளிர் விட்ட கிளைகளைப் பார்த்து வைத்துக்கொண்டான். அவர் வந்ததும் காட்டினான். பெரியவர் முகம் மலர்ந்தது. பிறகு அவரே அவனைக் கேட்கலானார். அந்தச் சந்தோஷத்தில் ஒருநாள் தன் விண்ணப்பத்தைப் போட்டான், பலித்தது.

தந்திரம்தான், சந்தேகமில்லை. ஐயர் அதை மறைக்கவும் இல்லை. ரூஸோ தன் சுயசரிதத்தில், ரிப்பனைத் திருடிவிட்டு வேலைக்காரப் பெண்மேல் பழி போட்டதை நடுங்கிக்கொண்டு சொல்கிறார். 1940இல் ஆனந்த விகடனில் எழுதத் தொடங்கியபோது ஐயருக்கு எண்பத்தைந்து வயது. நடுக்கம் இல்லை; ஒரு சிரிப்புத்தான். தந்திரம் எங்கே முடிந்து பக்தி எங்கே ஆரம்பிக்கிறது என்று நம்மால் கோடு போட முடியவில்லை.

எனக்கு ஒரு குறை உண்டு. குருவின் கடன் தொல்லையைச் சொல்லும்போதுகூட ஐயரின் பேனா கைகட்டியே நிற்கிறது. கையில் காசில்லாமல் பல பேருக்குச் சோறு போட்டுப் பாடம் சொன்னவரைச் சற்று எதிரே நின்று பார்த்திருக்கலாம். பையன் தன்னைத் தாண்டிப் போனபோது சவேரிநாத பிள்ளையின் மனசு எப்படி இருந்தது? நாவல் எழுதுகிறவன் அங்கே இன்னும் கொஞ்சம் நின்றிருப்பான்.

பிள்ளை 1876இல் காலமானார். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் ஓய்வுபெற்ற தியாகராச செட்டியார் முயன்று தம் இடத்தை ஐயருக்கு வாங்கிக் கொடுத்தார். செட்டியாரும் பிள்ளையிடம் படித்தவர்தான்.