கலண்டர் தாள் உறை

புதுப் புத்தகம் வந்தால் என் ராத்தாவின் மகள் உடனே வாசிக்க உட்கார மாட்டாள். முதலில் உறை போட வேண்டும். பழைய கலண்டரின் கனத்த தாள்தான் வேண்டும். படம் உள்ளே, வெள்ளை வெளியே. புத்தக முதுகு வரும் இடத்தில் மேலும் கீழும் கத்தரித்து, ஓரத்தை மூன்று விரல் அகலம் உள்ளே மடித்து, மடிப்பை நகத்தால் அழுத்தி நீவுவாள். பசை ஒரு சொட்டும் வைக்க மாட்டாள்.

“மாமா, பசை வெச்சா பூச்சி வரும்” என்பாள். உண்மைதான், மாப்பசை வெள்ளிப்பூச்சிக்கு விருந்து. கல்முனைக் கடற்காற்றின் ஈரம் வேறு.

அவள் அலுமாரியில் எனக்கு மிகப் பிடித்தது, 1981இல் கல்முனை வாசகர் சங்கம் வெளியிட்ட ‘பலஸ்தீனக் கவிதைகள்’. கல்முனைக்குடியில் பிறந்த எம். ஏ. நுஃமானின் மொழிபெயர்ப்பு. பலஸ்தீனக் கவிஞர் மஹ்மூத் தர்வீஷைத் தமிழில் வாசிக்கத் தந்தது நம் ஊர்ப் பதிப்பு என்பதில் எனக்கு இன்றும் பெருமை. 1969இல் ‘கவிஞன்’ என்ற கவிதை இதழை நடத்தியவரும் நுஃமானே. வெளிறிய அந்தப் ‘பலஸ்தீனக் கவிதைகள்’ பிரதியை அவள் இரண்டு கைகளாலும்தான் எடுப்பாள்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமியில் கடல் கொண்டுபோன வீடுகளோடு புத்தகங்களும் போய்விட்டன. மிஞ்சியவை கொஞ்சம். உங்கள் வீட்டுப் பெட்டியில் அப்படி ஒன்று கிடந்தால் தூசு தட்டி உறை போடுங்கள்; ‘நூலகம்’ மின்னூலகத்துக்கு ஒருமுறை ஸ்கேன் செய்யவும் கொடுங்கள்.