பொன்னும் சீட்டும்: தனியார் நாணயக் கோட்பாடு பற்றி ஒரு நோக்கு

அரசின் பணம் மதிப்பிழக்கும் காலங்களிலெல்லாம் பொன்னின் பெயரால் ஒரு கோட்பாடு தலைதூக்குவதைக் காணலாம். நாணயம் வெளியிடும் உரிமை அரசுக்கு மட்டும் உரியதாக இருத்தலாகாது; தனியார் நிறுவனங்கள் பொன்னையோ வெள்ளியையோ ஈடாக வைத்துச் சீட்டு வெளியிடட்டும்; மக்கள் தாம் நம்பும் சீட்டைத் தேர்ந்துகொள்வர் என்பதே அதன் சாரம். 1976இல் இலண்டனில் வெளிவந்த சிறுநூலொன்றில், பணத்தை அரசின் ஏகபோகத்திலிருந்து விடுவிக்க வேண்டுமெனப் பொருளியலறிஞர் ஹயெக் வாதிட்டார். பொன்னே தக்க ஈடு என அவர் கூறவில்லை. பல பண்டங்களின் விலையோடு ஒட்டி நிலைபெறும் நாணயங்களே போட்டியில் வெல்லும் என்பது அவர் எதிர்பார்ப்பு. ஆயினும் அவர் வழி வந்தோருட் பலர் பொன்னிடமே திரும்பினர். அவர்களுடைய வாதத்தை யாழ்ப்பாணக் குடாநாட்டின் அனுபவம் என்னும் உரைகல்லில் உரைத்துப் பார்த்தல் பயனுடையது.

மேலோட்டமாக நோக்குமிடத்து யாழ்ப்பாணம் இக்கோட்பாட்டுக்குச் சாட்சி சொல்வது போலவே தோன்றும். இங்கு செல்வத்தை அளக்கும் கோல் ரூபா அன்று, பவுண். ஆங்கிலேயப் பொற்காசின் பெயர் எட்டுக் கிராம் பொன்னின் பெயராக நிலைத்துவிட்டது; அக்காசைக் கண்ணாற் காணாத தலைமுறையினரும் தாலிக்கொடி எத்தனை பவுண் என்றே வினவுகின்றனர். 2022இல் டொலரின் பெறுமதி ஏறக்குறைய 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியபோது, வாழ்நாட் சேமிப்பை நிலையான வைப்பில் இட்டிருந்த ஓய்வூதியர் எதனை இழந்தார், அலுமாரியில் நான்கு சோடி காப்பு வைத்திருந்த குடும்பம் எதனை இழக்கவில்லை என்பதை விளக்க வேண்டியதில்லை. அரசின் கவனயீனத்திலிருந்து பொன் ஓரளவு காப்பளித்தது என்பதை மறுத்தல் நேர்மையாகாது.

நமது முற்போக்கு விமர்சகர் சிலர் இந்நகைப்பற்றை நிலவுடைமைச் சமூகத்தின் எச்சமென்றும் வீண் ஆடம்பரமென்றும் ஒதுக்கிவிடுவர். அஃது அவசரத் தீர்ப்பு. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமை, வழியுரிமைக் கட்டளைச்சட்டத்தின்படி, தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் சீதனக் காணியையே கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றி விற்க இயலாது. நகை போன்ற அசையும் பொருளுக்கு அத்தடை இல்லை. காணியில் அவளுக்குப் பெயர் இருந்தது. காப்பில் அவளுக்குக் கையும் இருந்தது. மகனின் கல்விக்கும் வெளிநாட்டுப் பயணத்துக்கும் முதலில் கழன்றது அக்காப்பே.

ஆனால் இந்தப் பொன் நாணயமாகத் தொழிற்பட்டதா? இக்கேள்வியில்தான் வாதம் இடறுகிறது. கன்னாதிட்டியிலோ கஸ்தூரியார் வீதியிலோ நகை வாங்குபவர் செய்கூலியும் சேதாரமும் கொடுத்து வாங்குகிறார்; விற்கும்போது அவை இரண்டையும் இழக்கிறார். திருநெல்வேலிச் சந்தையில் மோதிரத்தை நீட்டி மரக்கறி வாங்கியவர் எவருமிலர். பொன் அடைவு கடைக்கோ வங்கியின் அடகுப் பிரிவுக்கோ போகும். அங்கிருந்து ரூபாவே வெளிவரும். வட்டியும் ரூபாவிலேயே ஏறும். இங்கே பொன் ரூபாவுக்கு மாற்றாக நிற்கவில்லை, ரூபாவைப் பெறும் வழியாகவே நின்றது. செல்வத்தைப் பேணுவது ஒரு தொழில், கைமாறிச் சுழல்வது வேறொரு தொழில். கோட்பாட்டாளர் இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு பேசுகின்றனர்.

பொன் சுழல வேண்டுமாயின் அது பெட்டகத்துக்குள் செல்ல வேண்டும். வெளியே சீட்டு உலவ வேண்டும். தனியார் சீட்டு இலங்கைக்குப் புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்நாட்டில் தனியார் வங்கிகளின் பணத்தாள்கள் வழங்கின. அவற்றுள் முதன்மையானவை ஓரியன்டல் வங்கிக் கூட்டுத்தாபனம் வெளியிட்டவை. கேட்டவுடன் வெள்ளி ரூபா தரப்படும் என்பதே அத்தாள்களின் உயிர். கோப்பிப் பயிரை இலைநோய் அழித்தது. தோட்டங்களோடு பிணைந்திருந்த வங்கி 1884 மே 3ஆம் திகதி கொடுப்பனவை நிறுத்தியது. தாள் வைத்திருந்தோரை மீட்டது போட்டி வங்கியன்று. தேசாதிபதி ஆதர் கோர்டன் அரசின் பெயரால் அத்தாள்களுக்குப் பிணை நின்றார். வைப்பாளருக்கு அக்காப்பும் கிட்டவில்லை. அவ்வாண்டின் 32ஆம் இலக்கப் பணத்தாள் கட்டளைச்சட்டத்தோடு தாள் வெளியிடும் பொறுப்பு அரசிடம் சென்றது. அரசு தனியாரின் நாணய உரிமையைப் பறித்தது என்று எழுதுவோர் இந்த வரிசையைச் சற்று நினைவிற்கொள்வது நன்று.

நம் காலத்து முயற்சிகளும் உள. ஐக்கிய அமெரிக்காவில் பேர்னாட் வொன் நொட்ஹவுஸ் என்பவர் 1998இல் தொடங்கிய ‘லிபேட்டி டொலர்’ வெள்ளிக் காசுகளையும் வெள்ளிக்கு ஈடான சீட்டுகளையும் வெளியிட்டது. 2007 நவம்பரில் அரச முகவர்கள் அதன் அலுவலகத்தில் தேடுதல் நடத்தி உலோகத்தைக் கைப்பற்றினர். 2011இல் அவர் குற்றவாளியாகக் காணப்பட்டார். அரசின் கொடுங்கரம் என்பர் ஆதரவாளர். அதில் உண்மை உண்டு. ஆயின் காசைக் கையில் வைத்திருந்தவர் வெள்ளியை வைத்திருந்தார். சீட்டை வைத்திருந்தவர் காகிதத்தை வைத்திருந்தார் என்பதும் அதே நாளில் வெளிப்பட்டது.

இவ்வேறுபாட்டை யாழ்ப்பாணம் வேறொரு வகையிற் கற்றது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாடு விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. குடும்பத்துக்கு இரண்டு பவுண் எனப் பொன் திரட்டப்பட்டது, பற்றுச்சீட்டு வழங்கப்பட்டது, பின்னர் மீளளிக்கப்படும் என்று கூறப்பட்டது. சிலருக்கு மீளக் கிடைத்தது, எல்லோருக்கும் அன்று. பொன் ஓரிடத்தில், சீட்டு இன்னோரிடத்தில், வெளியிடுவோர் அரசல்லாதார்: கோட்பாட்டாளரின் வரைபடம் அப்படியே இருந்தது. ‘விரும்பித் தேர்தல்’ என்னும் ஒன்றுதான் இருக்கவில்லை. அவ்வாண்டு ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டபோது, சீட்டும் இன்றியே நகைகள் பறிக்கப்பட்டன. உடலில் அணிந்த பொன்னுக்கு எவர் தயவும் வேண்டாம் என்பாருக்கு அந்நாளைவிடக் கடுமையான மறுப்பு இல்லை.

இன்னொன்றும் மனங்கொள்ளத்தக்கது. 1994இல் புலிகள் தமிழீழ வைப்பகத்தைத் தொடங்கியபோது, கையிற் பொன்னும் கட்டுப்பாட்டில் நிலமும் இருந்தும் தமக்கென நாணயம் வெளியிடவில்லை. வைப்பும் கடனும் இலங்கை ரூபாவிலேயே நடந்தன. எந்த அரசை எதிர்த்துப் போரிட்டனரோ அந்த அரசின் தாளே அங்கும் செல்லுபடியாயிற்று. இதற்கான காரணம் உலோகத்தில் இல்லை. ஆசிரியர் சம்பளமும் ஓய்வூதியமும் கொழும்பிலிருந்து ரூபாவாக வந்தன. மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் வெளியேயிருந்து ரூபாவுக்கே வந்தன. சம்பளம், வரி, வணிகம் ஆகிய உறவுகளே ஒரு தாளை நாணயமாக்குகின்றன. ஈடாக உள்ள உலோகத்தை மட்டும் நிறுத்துப் பார்க்கும் எந்த ஆய்வும் இவ்வுறவுகளைத் தவறவிடும்.

வைப்பகம் 2009இல் போரோடு முடிந்தது. போர்க்காலத்தில் வடக்கில் மீட்கப்பட்ட பொன், வெள்ளி நகைகளில் ஒரு தொகுதியை 2025 மே மாதத்தில் இராணுவம் பொலிஸாரிடம் கையளித்தது; உரியவர்களைக் கண்டறிந்து சட்டப்படி ஒப்படைப்பதே நோக்கம் எனக் கூறப்பட்டது. பதினாறு ஆண்டுகளில் அப்பொன்னின் விலை பன்மடங்கு ஏறியிருக்கிறது. ஈடாக அது குறைவுபடவில்லை. ஆனால் ஒரு காப்பை இன்னாருடையது என நிறுவுவதற்கு வேண்டியது பற்றுச்சீட்டு. வலிகாமத்திலிருந்து தென்மராட்சிக்கும், அங்கிருந்து வன்னிக்கும், வன்னியிலிருந்து முகாமுக்கும் பெயர்ந்த ஒரு பெண்ணிடம் அச்சீட்டை அதிகாரி கேட்பார்.