தெரிவோரும் படிப்போரும்: ஆராவ் நகரை முன்னிறுத்திப் புலம்பெயர் தமிழ்ச் சிறார் நூல் தெரிவு பற்றிய ஒரு நோக்கு

முன்னுரை

சிறார் இலக்கியத்தை எழுதுவோர், பதிப்பிப்போர், திறனாய்வோர், பரிசுக்குப் பரிந்துரைப்போர், விலைகொடுத்து வாங்குவோர் ஆகிய அனைவரும் வளர்ந்தோரே. படிப்பவர் மட்டுமே சிறார். எனவே சிறார் நூலொன்று தன் வாசகரின் கையை அடையுமுன், வளர்ந்தோர் பலரின் விருப்பங்களைக் கடந்தாக வேண்டியுள்ளது. புலம்பெயர் சூழலில் இவ்விடைவெளி மேலும் விரிகிறது. அங்குத் தமிழ் நூலை வாங்கும் பெற்றோர் பிள்ளையின் தேவையை மட்டுமன்றித் தமது இழப்பின் ஆறுதலையும் அந்நூலில் தேடுகின்றனர். சுவிற்சர்லாந்தின் ஆர்காவ் மாநிலத் தலைநகராகிய ஆராவை முன்னிறுத்தி இச்சிக்கலை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. ஆராவ் தரும் ஒரு முன்மாதிரி

ஐரோப்பியச் சிறார் பதிப்பு வரலாற்றில் ஆராவுக்குத் தனியிடம் உண்டு. 1807இல் இந்நகரில் நிறுவப்பட்ட சவர்லெண்டர் பதிப்பகம், 1941இல் 'சிவப்பு சோராவும் அவள் கூட்டமும்' என்னும் பொருள்படும் தலைப்புடைய யேர்மன் மொழி நாவலை வெளியிட்டது. ஆசிரியர் பெயர் கூர்ட் ஹெல்ட் என அச்சிடப்பட்டிருந்தது. அவரது இயற்பெயர் கூர்ட் கிளேபர். நாசி ஆட்சியிலிருந்து தப்பி வந்த அவருக்குப் புகலிட நாட்டில் தம் பெயரில் எழுதி வெளியிட உரிமை இருக்கவில்லை, அதனாலேயே புனைபெயர். அவருடைய துணைவியார் லிசா டெட்ஸ்னரின் 'கறுப்புச் சகோதரர்கள்' நாவலும் அதே பதிப்பகத்தின் வெளியீடு. திச்சினோ மலைப்பகுதிச் சிறுவர்கள் மிலான் நகருக்குப் புகைபோக்கி துடைக்க விற்கப்பட்ட கொடுமையை அது கூறுகிறது.

இவ்விருவரும் ஏதிலிகள், நாட்டையும் வாசகரையும் ஒருங்கே இழந்தவர்கள். எனினும் தாம் இழந்த நாட்டின் பெருமையைச் சிறார்மேல் அவர்கள் சுமத்தவில்லை. பசி, தோழமை, அநீதி ஆகியவற்றைப் பற்றியே எழுதினர். சோராவின் கூட்டத்தினர் திருடுகின்றனர். 'நற்பண்பு புகட்டுவதா?' என்னும் ஒற்றை அளவுகோலைக் கையாளும் தெரிவுக்குழு இந்நாவலை முதற்சுற்றிலேயே ஒதுக்கியிருக்கும். ஆனால் நாவல் அறத்தைக் கைவிடவில்லை. பசித்தவன் எடுப்பது களவாகுமா, அவனைப் பசிக்கவிட்ட ஊருக்கு அதிற் பங்கில்லையா என்னும் வினாக்களைச் சிறாரையே எண்ணிப் பார்க்க வைக்கிறது. அவர்களை நம்பியதே இந்நூலின் ஆற்றல்.

2. இடம்பெயர்ந்த பாடல்

தமிழிலும் இத்தகைய நம்பிக்கை உண்டு. நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் 'ஆடிப்பிறப்பு' விடுமுறையின் மகிழ்ச்சியிலும் கூழ், கொழுக்கட்டை ஆகியவற்றின் சுவையிலும் திளைக்கும் பாடல். அவருடைய 'கத்தரித் தோட்டத்து வெருளி', தோட்டத்திற் காவல் நிற்கும் பொம்மையை ஆளாகப் பாவித்துப் பேசும் வேடிக்கை. யாழ்ப்பாணத்துச் சிறுவனுக்கு இரண்டுமே அன்றாட அனுபவம். கூழின் மணத்தை அறிந்த நாவே பாடலையும் பாடியது.

ஆராவில் அதே பாடல் 'பண்பாட்டுச் செல்வம்' என்ற பெயரில் மேடையேறுகிறது. கூழை ஒருமுறையும் சுவைத்திராத பிள்ளை அதை மனனம் செய்கிறது. அவையிலிருக்கும் பாட்டியின் கண்கள் கலங்குகின்றன. அக்கண்ணீரை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் அங்குப் பாடல் தன் வாசகரை மாற்றிக்கொண்டுவிட்டது என்பதைத் திறனாய்வாளர் கூறியாக வேண்டும். சிறாருக்கென எழுந்த பாடல் இடப்பெயர்வினால் வளர்ந்தோருக்குரியதாயிற்று. ஆகவே 'சிறாருக்குரியது' என்பது நூலுக்குள் நிலையாக உறையும் பண்பன்று. நூலுக்கும் பிள்ளையின் வாழ்வுக்கும் இடையே நிகழும் உறவு. இவ்வுறவு அற்ற இடத்தில் உயர்ந்த ஆக்கமும் பாடத்திட்டமாகச் சுருங்கிவிடுகிறது.

3. இரு வயதுகள்

வார இறுதித் தமிழ்ப் பள்ளியொன்றின் நூல் அலுமாரியைச் சில ஆண்டுகள் கவனிக்கும் வாய்ப்பு இக்கட்டுரையாளருக்குக் கிட்டியது. சங்க இலக்கியக் கதைகளைச் சிறாருக்கெனச் சொல்லும் கட்டழகு மிக்க தொகுதியொன்று புத்தம்புதிதாகவே இருந்தது. அதனைப் பரிந்துரைத்தவர்களுள் இக்கட்டுரையாளரும் ஒருவர். முனை மடிந்து, தையல் பிரிந்து, பலமுறை ஒட்டப்பட்டிருந்தவை ஒரு தெனாலிராமன் கதைப்புத்தகமும் சில பழைய சித்திரக்கதைகளுமே.

இதனைச் சுவைக்குறைவு என ஒதுக்குதல் எளிது; காரணம் வேறு. புலம்பெயர் பிள்ளைக்கு வயது இரண்டு. பத்து வயதுச் சிறுமி யேர்மன் மொழியில் சோராவின் முழு நாவலையும் படிக்கிறாள். தமிழில் அவளது வாசிப்பு ஆறு வயதின் நிலையில் நிற்கிறது. நாம் அவளுடைய தமிழின் வயதைக் கணக்கிட்டு முயலும் ஆமையும் கதையைக் கொடுக்கிறோம். அல்லது அறிவின் வயதைக் கணக்கிட்டு அவளால் படிக்க இயலாத நடையைக் கொடுக்கிறோம். முன்னது அவளை இழிவுபடுத்துகிறது, பின்னது தோற்கடிக்கிறது. இரண்டின் முடிவும் ஒன்றே: தமிழ் வாசிப்பு பள்ளியோடு நின்றுவிடுகிறது.

சித்திரக்கதைகள் இச்சிக்கலைத் தாமறியாமலே தீர்த்தன. 1972இல் சிவகாசியில் தொடங்கிய முத்து காமிக்ஸ், இரும்புக்கை மாயாவியின் சாகசங்களைக் குறைந்த சொற்களிலும் நிறைந்த படங்களிலும் தந்தது. பெற்றோர் பலர் அதனை விரும்பவில்லை. பிள்ளைகள் பாடநூலுக்குள் மறைத்துவைத்துப் படித்தனர். பொருளின் கனமும் மொழியின் எளிமையும் ஒருங்கே அமைந்தமை அதன் வெற்றி. தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கமும் நூல்களை நுழை, நட, ஓடு, பற என வாசிப்புத் திறன்படி வகுத்தது பயனுள்ள முயற்சி. புலம்பெயர் சூழலிலோ இன்னுமொரு படி தேவை: மொழியால் 'நட', பொருளால் 'பற' என அமையும் நூல்கள்.

4. ஒரு மறுப்பும் விடையும்

தெரிவைச் சிறாரிடமே விட்டால் தரம் தாழும் என்பர். இம்மறுப்பில் உண்மையுண்டு, சிறாரின் விருப்பத்தையும் சந்தை வடிவமைக்கிறது. ஆனால் வல்லுநர் தெரிவும் பிழைபடாததன்று. மார்கரெட் வைஸ் பிரவுனின் 'குட்நைட் மூன்' 1947இல் வெளிவந்தது. நியூயோர்க் பொது நூலகம் அதனை 1972 வரை தன் தட்டுகளிற் சேர்க்கவில்லை. கால் நூற்றாண்டாகக் குழந்தைகள் மீண்டும் மீண்டும் கேட்ட நூலை வல்லுநரால் இனங்காண இயலவில்லை. எனவே தெரிவைக் கையளிப்பதன்று, பகிர்ந்துகொள்வதே வழி. வளர்ந்தோர் பத்து நூல்களை முன்வைக்கட்டும். அவற்றுள் வாங்கத்தக்கவற்றைச் சிறார் இரண்டிரண்டு பக்கம் படித்துப் பார்த்துத் தெரியட்டும். பரிசுக்குழுக்களிலும் அவர்களுக்கு இருக்கை வேண்டும். 'நல்ல நூலா?' என்பதோடு, 'மறுபடி கேட்டார்களா?' என்பதும் மதிப்பீட்டில் இடம்பெற வேண்டும்.

முடிவுரை

ஆராவ் நகரில் செப்டெம்பர் மாதத்தில் ஒரு சிறார் விழா நிகழ்கிறது. துப்புரவுக்காக நீர் நிறுத்தப்பட்ட நகர ஓடை மீண்டும் பாயத் தொடங்குகையில், பிள்ளைகள் இரவில் விளக்குகள் ஏந்திச் சென்று நீரை எதிர்கொண்டு ஊருக்குள் அழைத்துவருவர். தமிழ்ப் பிள்ளைகளும் அவ்வூர்வலத்தில் நடக்கின்றனர். வீடு திரும்பியதும் அவ்விரவைப் பற்றித் தமிழில் படிக்க அவர்களுக்கு ஒரு பக்கமும் இல்லை. புலவர் ஆராவில் வாழ்ந்திருப்பின் அந்த ஓடையைப் பாடியிருப்பார். 'ஆடிப்பிறப்பு' நமக்கு விட்டுச்சென்ற மரபு கூழன்று. பிள்ளையின் கண்முன் உள்ளதைப் பிள்ளையின் மகிழ்ச்சியோடு சொல்லும் துணிவு. அதனை எழுதுவோரும் பதிப்பிப்போரும் தோன்றும்வரை, நாம் தெரியும் நூல்கள் நம் அலுமாரிகளில் அழகாகவே இருக்கும்.