மென்பொருள் விரிக்கும் புல்

தொலைந்த அரண்மனைத் தோட்டங்களை மீட்டுக்காட்டும் முப்பரிமாணக் காணொளிகள் எனக்குப் பிடிக்கும். நம்பத்தான் முடியவில்லை. பத்மநாபபுரம் அரண்மனையை நானே கணினியில் எழுப்பிப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. தாய்க்கொட்டாரத்தின் மரத்தூணும் ஓட்டுக்கூரையும் இன்றும் நிற்கின்றன, அளந்தால் போதும். வெளியே வந்ததும் கை நின்றுவிட்டது. 1795 வாக்கில் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போகும் முன் இங்கே என்னென்ன செடி நின்றது? மென்பொருளுக்கு அந்தச் சந்தேகமே கிடையாது. காலியிடம் கண்டால் கத்தரித்த புல்லை விரித்துவிடுகிறது. ரெண்டு மழையும் பெய்கிற ஊரில் அந்தப் புல் ஒரு மாசம் தாங்குமா!

சிகிரியாவில் 5ஆம் நூற்றாண்டு நீர்த்தோட்டத்தின் குளங்களும் கால்வாய்களும் அகழாய்வில் கிடைத்தன. மழைக்காலத்தில் நீரூற்றுகள் இன்றும் பீச்சுகின்றன. அங்கேயும் செடிகள் பெரும்பாலும் ஊகம்தான். ஆதாரம் எது, ஊகம் எது என்று பிரித்துக் காட்டச் சொல்கிறது 2009இன் லண்டன் சாசனம். நான் புல்லை அழித்துவிட்டு, தரையைச் சாம்பல் நிறத்தில் விட்டேன்.

பார்த்த நண்பன் கேட்டான்: "என்னலே, வேலை இன்னும் முடியலியா?"