துறவு என்னும் சொல்

நம் திருவண்ணாமலையில் துறவு என்ற சொல் வழங்கிவந்த வகையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரும்படி சபையின் மலர்க்குழுவார் பணித்தார்கள். குகை நமசிவாயர் முதலாக இங்கே வாழ்ந்த துறவியர் வரிசையைச் சபை அன்பர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. துறவு எது என்று கேட்டால், சைவ சித்தாந்தப் பாடம் கேட்டவர்கள் தற்போதம், அதாவது 'நான்' என்னும் முனைப்பு, கழல்வது என்பார்கள். கைவல்லிய நவநீதம் என்னும் வேதாந்த நூலைக் கேட்டவர்கள் வைராக்கியத்திலிருந்து தொடங்குவார்கள். இரு சாராரும் கடைசியில் பரிமேலழகரிடம் வந்தாக வேண்டும். குறளின் 35ஆம் அதிகாரமான 'துறவு'க்கு முன்னுரையாக, புறத்தே செல்வம், அகத்தே உடம்பு, இரண்டின் மேலும் உள்ள பற்றை விடுவது துறவு என்று வரையறுத்துவிட்டார் அவர். செல்வத்தின் மேல் உள்ள 'எனது' போக வேண்டும், உடம்பின் மேல் உள்ள 'யான்' போக வேண்டும்.

எங்களுக்குப் பாடம் சொன்ன ஐயா கோவிலூர் மடத்து வேதாந்த வழியில் பாடம் கேட்டவர். பெரிய தெருத் திண்ணையில் சாயங்காலம் பாடம் நடக்கும். ஒருநாள் காசிக்குப் போய் வந்த அன்பர் ஒருவர், "காசி வழக்கப்படி கத்தரிக்காயைத் துறந்துவிட்டேன், ஐயா" என்றார். ஐயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேல்துண்டால் துடைத்துக்கொண்டே, "காயை விட்டீர், சரி. 'விட்டேன்' என்பதிலே கடைசியில் ஓர் 'ஏன்' நிற்கிறதே, அதை எப்போது விடப்போகிறீர்?" என்று கேட்டார். தன்மை ஒருமை விகுதியை வைத்து வேதாந்தம் சொல்ல அவருக்கு இணை எவரையும் நான் கண்டதில்லை. என் குருபக்தி என்று கழித்துக்கொள்பவர்கள் கழித்துக்கொள்ளட்டும்.

இந்த இடத்தில் ஐயா பகவான் ரமண மகரிஷியைக் கொண்டுவருவார். 1896இல் மதுரையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது எழுதிவைத்த சீட்டு 'நான்' என்று தொடங்குகிறது. சில வரிகளில் அது 'இது' ஆகிவிடுகிறது. கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு. வழியில் கீழூரில் கடுக்கனை அடகு வைத்து நாலு ரூபாய் வாங்கினார். மீட்பதற்காகக் கொடுத்த விலாசச் சீட்டைக் கிழித்துப் போட்டார். செப்டம்பர் 1ஆம் தேதி இங்கே வந்து சேர்ந்ததும் மிச்சக் காசையும் பூணூலையும் அய்யங்குளத்தில் எறிந்தார். "குளத்தில் போனது 'எனது'. 'யான்' மதுரையிலேயே, அந்தச் சீட்டிலேயே போய்விட்டது" என்பார் ஐயா.

இன்று பாடம் சொல்பவர்களைக் குறை கூறுவது என் நோக்கமன்று. நல்லவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆனாலும் ஒரு மாதம் காபி குடிக்காமல் இருந்ததை மேடையில் துறவு என்று ஒருவர் சொல்ல, கூட்டம் கைதட்டுகிறது. அதையாவது பொறுக்கலாம். சென்ற கார்த்திகையில் ஓர் அமைப்பிலிருந்து வந்த அழைப்பிதழில் 'துரவு – சிறப்புரை' என்று அச்சிட்டிருந்தது. துரவு என்றால் கிணறு, ஐயா! தோட்டம் துரவு வைத்திருப்பவன் துறக்க வேண்டிய சொத்தல்லவா அது? வல்லின றகரத்தைத் தொலைத்துவிட்டு அத்வைதம் பேசி என்ன பயன்? ஐயா காலத்தில் இப்படி எழுதியவன் அன்றைக்குத் திண்ணை ஏற முடியாது. பிழையைச் சிவப்பு மையில் சுழித்து மூன்று கடிதம் போட்டேன். மூன்றாவதற்குத்தான் பதில் வந்தது: "தவருக்கு வருந்துகிறோம்."